பழைய வீட்டில் மூன்று நாள்: புதுச்சேரியா, தரங்கம்பாடியா, செட்டிநாடா?

சென்னைக்காரர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் மனசு உடனே ஏற்காடு, கொடைக்கானல், மாமல்லபுரம் என்று ஓடும். அங்கே போய்த் தங்குவதென்னவோ நம் ஃப்ளாட்டைப் போலவே வழவழ டைல்ஸும் ஃபால்ஸ் சீலிங்கும் உள்ள ஓர் அறையில்தான். அதே பணத்துக்கு, அல்லது மேலே கொஞ்சம் போட்டால், நூறு வருஷத்தைத் தாண்டிய ஒரு கட்டடத்தில் தங்கலாம். ஒரு பெரிய குடும்பம் கல்யாணம் காட்சி என்று கூடி வாழ்ந்த வீடாக இருக்கும், இல்லையென்றால் கடலைப் பார்த்துக் கலெக்டர் குடியிருந்த பங்களாவாக இருக்கும். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் நமக்கு அப்படி மூன்று இடங்கள் இருக்கின்றன. மூன்றும் மூன்று விதம். உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவரும் என்று பார்க்கலாம்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆசை கொஞ்சம் அதிகம். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் திண்ணை, ரேழி, முற்றம் வைத்துக் கட்டிய வீடுகள் ஒவ்வொன்றாக அபார்ட்மென்ட் ஆகிவிட்டன. இடித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பாகம் பிரிக்க வேண்டும். சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை. ஒழுகுகிற கூரைக்குக் கீழே எத்தனை மழைக்காலம் வாளி வைப்பது? பழைய கட்டடம் நிற்க வேண்டுமானால் அது சம்பாதித்தாக வேண்டும். யாராவது வாடகை கொடுத்து அதில் தங்குவது, இப்போதைக்கு அதற்கு இருக்கிற நேர்மையான வழிகளில் ஒன்று. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், வீட்டின் நடுவில் மழை கொட்டுவதைப் பார்க்க இனி இதைவிட்டால் வேறு வாய்ப்பு அதிகம் இல்லை.

எங்கே போவது என்று முடிவு செய்ய ஸ்டார் எண்ணிக்கையும் நீச்சல் குளமும் உதவாது. நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: தூங்கும் நேரம் போக, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கப் போகிறீர்கள்? காலையில் கிளம்பி ராத்திரி திரும்பி வரும் பயணம் என்றால், நூறு வருஷத்து வீட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் படுக்கைக்குத்தான் போகிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வரை ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கத் தயாரா? அப்படியானால் அந்த வீடுதான் பயணம்.

இந்தக் கேள்வியோடு முதலில் புதுச்சேரி.

பக்கத்தில் இருப்பது இதுதான். ஈசிஆரில் நூற்றைம்பது, நூற்றறுபது கிலோமீட்டர். பழைய கட்டடத்தில் தங்கும் இடங்கள் எண்ணிக்கையிலும் இங்கேதான் அதிகம். எல்லோரும் முதலில் தேடுவது கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியை: மஞ்சள் சுவர், வெள்ளை வளைவு, வேலியில் காகிதப்பூ. அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு போவது நல்லது. 1761-இல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் அதே தெருக் கோடுகளின் மேல் மறுபடி கட்டியதுதான் இன்று நாம் காணும் ஊர். 'பிரெஞ்சு வீடு' என்று விளம்பரம் செய்வதில் அண்மையில் அந்த மாதிரியில் புதிதாகக் கட்டியவையும் கலந்திருக்கின்றன.

என் வாக்கு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழ்ப் பகுதிக்கு. வைசியாள் தெருவில் ஒரு தடவை மெதுவாக நடந்து பாருங்கள். தெருவோரம் தூண் வைத்த தாழ்வாரம், அதற்குள் திண்ணை. அப்படியே தலையைத் தூக்கினால் மாடியில் பிரெஞ்சு வளைவுகளும் கைப்பிடிச் சுவரும். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்று ஒரே வீட்டில் இரண்டு பழக்கங்கள். இந்தத் தெருவின் முகப்புகளை, பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித் திட்டமும் சேர்ந்து மீட்டெடுத்தன. 2008-இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. பெருமாள் கோவில் தெருவில் உள்ள மேசான் பெருமாள், தமிழ் வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு விடுதியாக்கியதற்கு நல்ல மாதிரி. நடு முற்றத்தைச் சுற்றித்தான் எல்லாமே. பிரெஞ்சுப் பக்கம்தான் வேண்டும் என்பவர்களுக்கு சுஃப்ரேன் தெருவின் வில்லா சாந்தி இருக்கிறது. பழைய வீட்டோடு இந்தக் காலக் கட்டடக்கலையைக் கூச்சமில்லாமல் சேர்த்திருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கிறது.

என் கேள்வியை இங்கே போட்டுப் பார்த்தால், புதுச்சேரி உங்களை வீட்டுக்குள் உட்கார விடாது. காலையில் பீச் ரோடு, அப்புறம் பேக்கரி, ஆரோவில், மணக்குள விநாயகர், சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தைத் தடுத்துவிட்ட பிறகு மறுபடி பீச் ரோடு. முற்றத்து நாற்காலி காலியாகவே கிடக்கும். சனி, ஞாயிறுகளில் சென்னையும் பெங்களூரும் பாதி அங்கேதான் இருக்கும், வாடகையும் அதற்கேற்ப ஏறும். இரண்டே நாள்தான் இருக்கிறது, நீண்ட பயணம் ஆகாத பெரியவர்கள் கூட வருகிறார்கள், அல்லது பழைய கட்டடத்தில் தங்குவது நமக்குச் சரிப்படுமா என்று பார்க்க வேண்டும் என்றால் புதுச்சேரி சரி. முடிந்தால் செவ்வாய், புதனில் போங்கள்.

தரங்கம்பாடி இதற்கு நேர் எதிர். அங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். போக வேண்டிய காரணமே அதுதான்.

கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகச் சுமார் 270 கிலோமீட்டர். காரில் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். ரயில் என்றால் மயிலாடுதுறையில் இறங்கி முப்பது கிலோமீட்டர் சாலை வழி. ஊருக்குள் நுழைவதே 1792-இல் கட்டிய கோட்டை வாசல் வழியாக. உள்ளே ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க்காரர்கள் இங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845-இல் ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நடுவே, 1706-இல் வந்து இறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது இந்த ஊரில்தான். அவர் கட்டிய 1718-ஆம் ஆண்டுப் புதிய எருசலேம் தேவாலயம் ராஜ வீதியிலேயே இருக்கிறது. அவர் கல்லறையும் அதற்குள்தான். கடற்கரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோவில், 1306-ஐச் சேர்ந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இத்தனையும் கால் மணி நேர நடைக்குள் அடங்கிவிடும். கிழக்குக் கடற்கரையில் இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு அடுக்கு வரலாறு உள்ள இன்னொரு ஊரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தங்குவதற்கு, கோட்டைக்கு அடுத்தாற்போல் கடலைப் பார்த்து நிற்கும் 'பங்களோ ஆன் த பீச்'. ஆங்கிலேயக் கலெக்டரின் வீடாக இருந்ததை நீம்ரானா நிறுவனம் விடுதியாக்கியது. 2004 சுனாமி இந்தக் கரையைப் புரட்டிப்போட்ட பிறகு, ஊரின் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலை பல கைகள் சேர்ந்து நடந்தது. டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகமும் அதில் பங்கெடுத்தது. அறைகள் மிகக் குறைவு, ஒரு பெரிய குடும்பம் போனாலே பாதி நிறைந்துவிடும். ஆகவே லீவு அறிவிப்பு வந்த பிறகு தேடினால் இடம் கிடைக்காது.

இது வீடாக இருந்தாலும் அதிகாரியின் வீடு. முற்றம் கிடையாது. அதற்குப் பதில் நாலு பக்கமும் ஓடும் அகலமான வராந்தா, தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் கூரை. கட்டிலில் படுத்தபடி அந்தக் கூரையை நிதானமாகப் பாருங்கள். மரத் துலாங்களின் மேல் சின்னச் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பால் கெட்டித்து, தட்டையாக மூடும் முறை அந்தக் காலக் கட்டடங்களுக்கே உரியது. அதற்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். நம் ஊர்ப் பெயர் கொண்ட ஒரு கூரையை நம் ஊரிலேயே பார்ப்பது அரிதாகிவிட்ட நிலையில், தரங்கம்பாடியிலோ புதுச்சேரியிலோ அதற்கடியில் ஓர் இரவு தூங்குவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

குறைகளும் இருக்கின்றன. கடலுக்கு அவ்வளவு அருகில் எந்தக் கட்டடமானாலும் உப்புக்காற்று தின்றுகொண்டே இருக்கும். ஜன்னல் கொண்டி துருப்பிடித்து இறுகும், சுண்ணாம்பு உதிர்ந்து தரையில் பொடி விழும், மரக்கதவு ஈரக்காலத்தில் உப்பிக்கொண்டு மூடாது. புத்தம்புதிதாக மின்ன வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு எரிச்சல் வரும். கோட்டைக்கு முன்னால் கடலில் இறங்கிக் குளிப்பதும் ஆபத்து. பாறையும் இழுப்பும் உண்டு, பிள்ளைகளைக் கையைப் பிடித்துத்தான் வைத்திருக்க வேண்டும். ஊரில் ஹோட்டல்கள் அதிகமில்லை, சாப்பாட்டை விடுதியிலேயே சொல்லிவிட வேண்டும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை புயல் சின்னம் எதுவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புவது அவசியம்.

ஒரு சந்தர்ப்பத்துக்கு மட்டும் தரங்கம்பாடியை அடித்துச் சொல்வேன். திருக்கடையூர் சில கிலோமீட்டர்தான். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், தாத்தாவுக்குச் சதாபிஷேகம் என்று சென்னையிலிருந்து எத்தனை குடும்பங்கள் அபிராமி சந்நிதிக்குப் போகின்றன! பெரும்பாலானவர்கள் கோவில் வாசலில் இருக்கும் லாட்ஜில் ஒரு ராத்திரி நெருக்கியடித்துத் தங்கிவிட்டு, ஹோமம் முடிந்த கையோடு வேனில் ஏறிவிடுகிறார்கள். விசேஷம் முடிந்த அன்று சாயங்காலம் அந்த வராந்தாவில் அந்தத் தம்பதியை உட்கார வைத்துப் பாருங்கள். மறுநாள் வரைக்கும் யாரும் அவர்களை எங்கும் அவசரப்படுத்த வேண்டாம்.

அடுத்தது செட்டிநாடு. என் மனசு எங்கே சாய்கிறது என்பதை மறைக்கப் போவதில்லை. வீட்டுக்குள்தான் இருக்கப் போகிறோம் என்று முடிவு செய்தவர்களுக்கு இதற்கு நிகர் வேறில்லை.

முதலில் தூரம். காரைக்குடி நானூறு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு நாளில் போய்வர நினைக்க வேண்டாம், களைப்புதான் மிஞ்சும். பல்லவன் எக்ஸ்பிரஸ் மத்தியானத்துக்கு மேல் சென்னையில் கிளம்பி ராத்திரி காரைக்குடி சேரும். ராமேசுவரம் போகும் ரயில்கள் அகால நேரத்தில் இறக்கிவிடும். திரும்பும் பல்லவன் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவதால், கடைசி ராத்திரியை மட்டுமாவது காரைக்குடிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. விடுதிகள் உள்ள கானாடுகாத்தான், கடியாபட்டி போன்ற கிராமங்களிலிருந்து அந்த நேரத்தில் ஸ்டேஷனுக்கு வர வண்டி முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும்.

இங்கே உள்ள வீடு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும். முகப்பில் நின்றால் வாசல்கதவு, நடுக்கதவு, கட்டுக் கதவுகள் எல்லாம் நேர்கோட்டில் திறந்து பின்வாசல் வெளிச்சம் வரை கண் போகும். வெளித் திண்ணை ஆண்கள் கணக்கு வழக்கு பேசிய இடம். அதைத் தாண்டினால் வளவு, வானம் பார்த்த நடுமுற்றம். அதைச் சுற்றிலும் பத்தி என்கிற தாழ்வாரம், பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஒரு பங்கு. சாமான் வைக்க, சாமி கும்பிட அந்த அறை; புழங்குவதெல்லாம் பத்தியிலும் வளவிலும். அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, சமையல் கட்டு, கிணறு. இந்த ஊர்களின் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழில் செய்து சேர்த்த பணம் பர்மாத் தேக்குத் தூணாகவும் இத்தாலிப் பளிங்காகவும் இங்கே வந்து இறங்கியது. இந்தக் கிராமங்களின் தொகுதி 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தது.

பளிங்கைவிட எனக்குப் பிடித்தது சுவர். போனதும் உள்ளங்கையை அகல விரித்து அதன்மேல் வைத்துப் பாருங்கள். கத்திரி வெயிலிலும் சில்லென்று இருக்கும், கண்ணாடி மாதிரி வழுக்கும். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பல பூச்சுகள் பூசி, கடைசியில் முட்டையின் வெள்ளைக்கருவோடு இழைத்து மெருகேற்றிய பூச்சு அது. நூறு வருஷத்தில் ஒரு தடவைகூட வெள்ளையடிக்காத சுவர்கள் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் கொப்பளிக்கும் சென்னை ஃப்ளாட்டில் வாழும் நமக்கு அதைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

தரையில் ஆத்தங்குடிக் கல். அதைச் செய்வதைப் பார்க்க ஆத்தங்குடிக்கே போய்விடலாம், பட்டறைகளில் தடை சொல்வதில்லை. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் பூ வடிவத் தகர அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, அதற்கு மேல் கலவை போட்டு அழுத்தி மட்டம் செய்வார்கள். அப்புறம் காயவைத்து, சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்தால் கண்ணாடி தானே பிரிந்து வரும். பாலிஷ் எதுவும் இல்லை. பளபளப்பு முழுக்க அந்தக் கண்ணாடி கொடுத்தது. காலால் நடக்க நடக்க இன்னும் மெருகேறும். இதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து விடுதித் தரையைப் பார்க்கும்போது பிள்ளைகள் குனிந்து ஒவ்வொரு கல்லாகத் தேடுவார்கள்.

எந்த வீடு? கானாடுகாத்தானில் விசாலம், ஒரு தந்தை தன் மகளுக்காகக் கட்டியது. ஆர்ட் டெகோ பாணி, கொஞ்சம் பிந்திய காலம். காற்றும் வெளிச்சமும் தாராளம், வசதியும் நட்சத்திர விடுதித் தரம். வளவும் கட்டுகளுமாக அந்த வரிசை அப்படியே வேண்டும் என்றால் கோத்தமங்கலத்தின் சாரதா விலாஸ், 1910-இல் கட்டியது, பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் மீட்டெடுத்தது. அல்லது திருமயத்துக்குப் பக்கத்தில் கடியாபட்டியின் சிதம்பர விலாஸ். கானாடுகாத்தானிலேயே செட்டிநாடு மேன்ஷனும் இருக்கிறது. காரைக்குடியில் 'பங்களா' என்ற பெயரிலேயே உள்ள விடுதி வேறு வகை, அது குடும்பம் குடியிருந்த வளவு வீடாக இருந்ததில்லை. ஆனால் சாப்பாட்டுக்காகவே அங்கே தங்குபவர்கள் உண்டு. தங்காதவர்களும் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் வாழையிலையில் மத்தியானச் சாப்பாடு கிடைக்கும். எனக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் சாரதா விலாஸ். விளக்கும் இருக்கையும் குறைவாக வைத்து, வீட்டைப் பேச விட்டிருக்கிறார்கள்.

எப்போது போவது என்பதில் ஊரே டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை என்று சொல்லும். வெயிலுக்குப் பயந்தவர்கள் அதையே கேட்கலாம். நான் அக்டோபர், நவம்பர் மழையைச் சொல்வேன். நாலு பக்கக் கூரையிலிருந்தும் வளவுக்குள் தண்ணீர் கொட்டும் சத்தத்தில் பேச்சு நின்றுபோகும். அந்தத் தண்ணீர் வீணாகப் போகாமல் கால்வாய் வழியாக ஊருணிக்குச் சேரும்படி ஊரையே அமைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஒரு மழைக்கே தெருவில் தண்ணீர் தேங்கும் நகரத்திலிருந்து போகிற நாம் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

செட்டிநாட்டிலும் வருத்தப்பட வைக்கும் விஷயங்கள் உண்டு. விடுதிக்கு வெளியே தெருவில் நடந்தால் பூட்டிய வீடுகள்தான் வரிசையாக இருக்கும். ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது வாரிசுகள். சிலர் சென்னையில், சிலர் சிங்கப்பூரில். வருஷத்துக்கு ஒரு தடவை சாமி கும்பிடத் திறப்பார்கள். செலவு தாங்காமல் சில வீடுகள் தூண் தூணாகப் பிரித்து விற்கப்பட்டிருக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கிடக்கும் நிலைக்கதவுகளும் எனாமல் தட்டுகளும் அப்படி வந்தவைதான். வாங்குவது உங்கள் விருப்பம். எனக்கு அந்தத் தெருவில் நிற்கும்போது நெஞ்சு கனக்கிறது. நிற்கிற வீட்டில் ஓர் இரவு தங்கக் கொடுக்கும் பணம், பெயர்த்தெடுத்த கதவுக்குக் கொடுப்பதைவிட நல்ல இடத்துக்குப் போகிறது.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் இந்த ஊர்களில் எதுவும் இல்லை, வீட்டைத் தவிர. பதின்வயதுப் பிள்ளைகள் முதல் நாள் முறைப்பார்கள். பல்லாங்குழியும் தாயக்கட்டையும் பெரும்பாலான விடுதிகளில் கேட்டால் கிடைக்கும். பெரியவர்களுக்குப் பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் பக்கத்திலேயே, காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

மூன்று ஊருக்கும் பொதுவாக, போனில் கேட்டே ஆக வேண்டியவை சில. முதலாவது, உங்கள் அறை பழைய கட்டடத்திலேயே இருக்கிறதா, பின்னால் புதிதாகச் சேர்த்த பகுதியிலா? படத்தில் தூணும் முற்றமும் காட்டிவிட்டு, அறையைத் தோட்டத்துப் புதுக் கட்டடத்தில் கொடுக்கும் இடங்கள் உண்டு. மத்திய சுற்றுலா அமைச்சகம் பாரம்பரிய விடுதி என்று வகைப்படுத்துவதற்குக் கட்டடம் 1950-க்கு முந்தையதாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. 'ஹெரிடேஜ்' என்ற சொல்லைப் போட்டுக்கொள்கிற எல்லா விடுதியும் அந்த வகைக்குள் வராது, அதையும் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, படி. முழங்கால் வலி உள்ள அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போகிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. செட்டிநாட்டில் வளவைச் சுற்றிய பழைய அறைகள் சின்னவை, ஜன்னல் குறைந்தவை. அதனால் பல வீடுகளில் தங்கும் அறைகளை மாடியில் அமைத்திருக்கிறார்கள். மாடிப்படியோ குறுகலாக, செங்குத்தாக, சில இடங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இல்லாமல் இருக்கும். கீழ்த்தளத்தில் அறை இருந்தாலும் ஒவ்வொரு கட்டுக்கும் உயரமான வாசற்படி, இருட்டில் தடுக்கும். நிலை தாழ்வு, உயரமானவர்கள் குனிந்து போக வேண்டும். குளியலறை எல்லாமே பிற்காலத்தில் சேர்த்தது, அறையோடு ஒட்டி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சக்கர நாற்காலி தேவைப்படுபவர்களுக்கு இந்த மூன்றில் எதையும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க மாட்டேன். வாசலிலிருந்து கட்டில் வரை எத்தனை படி என்று விடுதிக்காரரை எண்ணிச் சொல்லச் சொல்ல வேண்டும். நல்ல இடமாக இருந்தால் பொறுமையாக எண்ணிச் சொல்வார்கள்.

முற்றம் உள்ள வீட்டில் கொசு உண்டு. தேக்குக் கதவு கனமானதே ஒழிய இடுக்கு வழியாகப் பக்கத்து அறைப் பேச்சு கேட்கும். லேசாகத் தூங்குகிறவர்கள் தெருப்பக்க அறையைத் தவிர்க்கலாம்.

பணத்தில் ஒரு கணக்கு. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். நல்ல பாரம்பரிய விடுதிகள் விடுமுறைக் காலத்தில் அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். 7,400 ரூபாய் அறைக்கும் 7,800 ரூபாய் அறைக்கும் உள்ள வித்தியாசம் நானூறு ரூபாயோடு நிற்காது, வரியோடு சேர்த்தால் ஆயிரத்து நானூறைத் தாண்டும். வார நாளில் அதே அறை வரம்புக்குக் கீழே இறங்கினால் இரட்டை லாபம். செட்டிநாட்டில் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்த கட்டணம்தான் சிக்கனம், வெளியே போய்ச் சாப்பிட இடம் தேடி அலைவதில் பாதி நாள் போய்விடும். புதுச்சேரியில் காலை உணவு மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

ஆக, இரண்டு நாள், முதல் முறை: புதுச்சேரி, அதுவும் தமிழ்ப் பக்கம். தம்பதியாக, அல்லது வரலாற்றில் ஆர்வமுள்ள இரண்டு மூன்று நண்பர்களாக, அல்லது திருக்கடையூர் விசேஷத்தை ஒட்டி: தரங்கம்பாடி. மூன்று தலைமுறையாகச் சேர்ந்து, மூன்று நாளுக்குக் குறையாமல்: செட்டிநாடு. நடக்கச் சிரமப்படும் பெரியவர் இருந்தால் செட்டிநாட்டிலேயே கீழ்த்தள அறை உறுதியான பிறகுதான் ரயில் டிக்கெட்.

லீவே கிடைக்காதவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் ஒரு பகலைச் செலவழியுங்கள். 1996-இல் திறந்த இந்த இடத்தில், இடிக்கவிருந்த பழைய வீடுகளைத் தென்மாநிலங்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அங்குள்ள செட்டிநாட்டு வீட்டுத் தூண்களுக்கு நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால், மூன்று நாள் அப்படி இருக்க உங்கள் வீட்டாருக்குப் பொறுமை இருக்குமா என்பது தெரிந்துவிடும். ஊருக்குள்ளேயே ஓர் இரவு என்றால் பின்னி ரோடு கன்னிமாரா ஹோட்டல். 1854-இல் இம்பீரியல் ஹோட்டலாகத் தொடங்கி, 1930-களில் ஆர்ட் டெகோ உருவம் பெற்று, பின்னால் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கைவைத்த கட்டடம். மலைதான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால் ஊட்டியின் சவாய் ஹோட்டல். 1829-இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கிய வளாகம் அது, குளிர்காயும் அடுப்பு வைத்த அறைகள் இன்னும் இருக்கின்றன.

பொங்கலுக்கு செட்டிநாடு என்று முடிவானால் தீபாவளிக்கு முன்பே அறையைச் சொல்லிவிடுங்கள். அந்த வாரம் வெளிநாட்டுப் பயணிகளின் உச்சக் காலம், கல்யாண முகூர்த்தங்களும் அடுத்து வந்துவிடும். வளவைப் பார்த்த கீழ்த்தள அறை ஒரு வீட்டுக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கேட்கும்போது அதையே பெயர் சொல்லிக் கேட்டு, பதிவுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.